நானாவிடம் சொல்லாத முடிவு

போன வருடம் காற்றுக் காலத்தில், கண்டக்குழியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய். இனிக் குணப்படுத்த முடியாது, நோவையும் மூச்சுத் திணறலையும் குறைக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் இப்படியான விஷயங்களை நோயாளியின் காதில் விழாதபடி, வாசலில் நின்று வீட்டின் மூத்த ஆணிடம்தான் கதைப்பார்கள். வீட்டுக்கு வந்த டொக்டரோ கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு என்ன விருப்பம் என்று இவரிடமே கேட்டார். மூச்சு முட்டினாலும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் இவர். எனக்குத் திக்கென்றது, ஆனாலும் சம்மதித்தேன். எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கோல் எடுப்பது என்றெல்லாம் மூவரும் பேசி முடித்தோம். "நானாட்ட நான் செல்லிக்கிறன்" என்று தன் அண்ணனைப் பற்றிச் சொன்ன மனுஷன், சொல்லவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். இவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர் நம்பர் தந்திருந்த தாதிக்குக் கோல் எடுத்தேன். பேசி வைத்தபடியே பாணி மருந்தை வாயில் விடச் சொன்னார். நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தில் காற்றுப் பட ஜன்னலைத் திறக்கச் சொன்னார். சொன்னபடியே செய்தேன். லைன் அறுந்துபோனது. அதற்குப் பிறகு அந்த அறையில் இவருடைய மூச்சும் நானும்தான். அப்படியொரு தனிமையை நான் அனுபவித்ததில்லை.

தொழுதுவிட்டு வந்த இவருடைய அண்ணன், கோலத்தைப் பார்த்ததும் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

"ஊட்ட வெச்சே மவுத்தாக்கப் போறீங்களா?" என்றார் என்னிடம்.

"அவர்ட்டயே கேளுங்க மச்சான்."

மச்சான் குனிந்து கேட்டார். "வாணாம் நானா," என்றார் இவர், விட்டு விட்டு. "நான்தான் ஒங்களுக்குச் செல்லல்ல. இங்கயே இருக்கிறன்."

மச்சான் தம்பியின் காலைப் பிடித்தபடி அழுதார். பிறகு ஓட்டோவைத் திருப்பி அனுப்பினார்.

மருந்து பிடித்து, மூச்சு தணிந்தது. அடுத்த கிழமை, என் கையைப் பிடித்தபடியே மூச்சடங்கி மவுத்தானார்.

கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இத்தா இருக்கும் நாட்களில் என்னைப் பார்க்க வந்த பெண்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று சாடைமாடையாகச் சொன்னார்கள். இப்போதும் சிலர் சொல்கிறார்கள். தம்பி சொன்னதைக் கேட்ட மச்சானும் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை. சேர்ந்து எடுத்த முடிவுக்குப் பதில் சொல்ல நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன். அந்த முடிவை இவரே தன் வாயால் சொன்னார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வெறும் வீட்டில் இருக்கிறேன்.