சரோஜாவும் இரண்டு பனிநாய்களும்

சரோஜா போய்ச்சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. வீட்டில் எதைத் தொட்டாலும் ஒரு வெள்ளை முடி ஒட்டிக்கொண்டு வருகிறது. அவள் சேலை மடிப்பில், என் சட்டைக் காலரில், வேதாகமத்தின் தாள்களுக்கு நடுவில். அவள் வளர்த்த நாய்கள் மிஷாவும் நீனாவும், இருந்த வரைக்கும், வருஷத்துக்கு ஓரிரு தடவை மொத்தமாக முடி உதிர்க்கும். அந்த நாட்களில் அவள் வாசலில் உட்கார்ந்து வாரிவிட்டால், தெருவில் இலவங்காய் வெடித்ததுபோல முடி பறக்கும். குருவிகள் வந்து பொறுக்கிக்கொண்டு போகும். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருக் கூடுகள் எல்லாம் அப்போது வெள்ளையாக இருந்தன.

சரோஜா என் அக்காள் மகள். காலேஜ் முடித்து ஐஸ் ஃபேக்டரியில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்ததும், "வெளியில எதுக்குப் பொண்ணு தேடணும்?" என்று அக்காள் அவளை எனக்குக் கட்டிவைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் என்னை மாமா என்றே கூப்பிட்டாள்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று பதினொரு நாள் இருந்தது. மற்றது நான்கு மாதம். இரண்டாவது பிள்ளையைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதனாலும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிறகு அவள் மாமல்லபுரத்தில், சிற்பங்களைப் படம் வரைய வந்திருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி வீட்டில் சமையலுக்குப் போனாள். அவர்களிடம்தான் அந்த இரண்டு நாய்களும் இருந்தன. சமோயெட் என்று ஜாதி. பனி தேசத்தில் சறுக்குவண்டி இழுக்குமாம். வாய் ஓரம் மேல்நோக்கி வளைந்திருப்பதால் எப்போதும் சிரிப்பதுபோல இருக்கும். எழுபத்து நான்கில் அவர்கள் ஊர் திரும்பியபோது நாய்களைக் கூட்டிப்போக வழியில்லை. அந்த அம்மாள் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். வெயிலுக்குப் பயந்து முடியை மழிக்கக் கூடாது, அந்த முடிதான் வெயிலையும் தடுக்கும். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை, இணைசேர விடவே கூடாது. சரோஜா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

அந்தப் பனிநாய்கள் எங்கள் ஊர் வெயிலில் பிழைத்ததற்கு ஐஸ் ஃபேக்டரிதான் காரணம். விடியுமுன் கடலோரம் நடை. வெயில் ஏறினால் ஃபேக்டரியின் பின்பக்கம், உமி மூடிய ஐஸ் பாளங்களுக்குப் பக்கத்தில் ஈரக் கோணி. கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்ப்புகை தரையோடு தவழ்ந்து வெளியே வரும். அதற்குள் அவை இரண்டும் கண்மூடிப் படுத்திருக்கும். எங்கே புகை முடிகிறது, எங்கே நாய் தொடங்குகிறது என்று தெரியாது. சரோஜா நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஏதோ நாங்கள் பார்த்தே இராத ஒரு தேசத்தில் அவள் பிறந்து வளர்ந்தவள்போல எனக்குத் தோன்றும்.

அடுத்த வருஷம் நீனா பருவத்துக்கு வந்தது. ஐஸ் வாங்க வரும் மீன் வியாபாரி ஹயாத் பாஷாவின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இன்னாம்மா சரோஜா, ஜோடியா கையில வச்சிக்கினு சும்மா கீறியே? குட்டி போட்டா மெட்ராஸ் பங்களாக்காரன் க்யூவுல நிப்பான்."

"ரெண்டும் கூடப் பொறந்ததுங்க, பாய்."

"நாய்க்கு இன்னாம்மா அண்ணன் தங்கச்சி?"

"வேற ஆம்பள நாய் கெடச்சா சொல்லுங்க. ஊட்டியா இருந்தாலும் கூட்டினு போறேன். அப்பவும் வாங்கறவங்க வூட்ட மொதல்ல நான் பாக்கணும். மொட்டமாடில கட்டிப்போடறவனுக்குத் தர மாட்டேன்."

"சரியாப் போச்சு! பனிநாய்க்கு மாப்ள தேடி நான் இமயமலைக்கா போவேன்?" என்று சிரித்துக்கொண்டே அவர் வண்டியில் ஏறினார்.

அவள் மிஷாவைக் கொண்டுபோய் ஃபேக்டரியின் உப்புக் கிடங்கில் அடைத்தாள். மூன்று வாரம் பிரித்துவைக்க வேண்டும். அங்கே மிஷா ஊளையிட்டது. வீட்டிலிருந்து நீனா பதில் சொன்னது. கடல் சத்தத்தையும் மீறி அது கேட்டது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவால் நாலாம் நாள் பொறுக்க முடியவில்லை.

"ஏண்டி, நீ மாமனக் கட்டிக்கினு நல்லாத்தான கீற? வாயில்லா ஜீவனுக்கு மட்டும் இன்னாடி இவ்ளோ சட்டம்?"

கன்னியம்மா விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். "குழம்பு அடிபுடிச்சிக்கும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சரோஜா நீனாவின் காதுக்குப் பின்னால் இருந்த சிக்கை எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிராமல் கேட்டாள்.

"மாமா, அந்த டாக்டர் ஒண்ணு கேட்டாரே, ஞாபகம் கீதா?"

ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் கேட்டாள்.

"உன்னக் குத்தம் சொல்லல. நமக்குத் தெரியாது, கட்டிக்கினோம். அவரே நிச்சயமில்லன்னுதான் சொன்னாரு. இதுங்க விஷயம் தெரிஞ்சிபோச்சே. தெரிஞ்சி எப்டி செய்யறது?"

அவள் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பன்னிரண்டாம் நாள் மத்தியானம் என் மனம் வேறு மாதிரி ஓடியது. கரண்ட் போயிருந்தது. மெஷின் சத்தம் நின்று, ஃபேக்டரியே தண்ணீருக்குள் மூழ்கியதுபோல இருந்தது. மிஷா ஊளையிடுவதைக்கூட நிறுத்திவிட்டு முனகிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குள் ஆறு குட்டிகள். எங்கள் வீட்டுத் தரையில் உருள்கின்றன, சரோஜாவின் முந்தானையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அவள் சத்தம்போட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம்! ஒரு தாழ்ப்பாள்தானே. மறந்து திறந்துவிட்டேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்?

எழுந்து உப்புக் கிடங்குக்குப் போனேன்.

கதவில் சாய்ந்துகொண்டு சரோஜா உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாள் அவள் தலைக்கு மேலே இருந்தது. ஏற்கெனவே பாதி இழுபட்டிருந்தது. என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"உனக்கும் ஆசையா மாமா?"

"ம்."

"எனக்கும்தான். தொறக்கத்தான் வந்தேன். பாதி இழுத்துட்டு, முடியாம உக்காந்துட்டேன்."

கை நீட்டித் தாழ்ப்பாளைத் திரும்ப முழுவதும் தள்ளி மூடினேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், மிஷாவும் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது. கரண்ட் வரும்வரை மூவரும் அப்படியே இருந்தோம். உப்பின் ஈரம் சட்டையில் ஊறியது. அப்போது அவள் பெரியவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவன் காதுமடலில் பூனைமுடி இருந்ததாம். நான் கவனித்ததே இல்லை. சின்னவள் தூக்கத்தில் உதட்டைச் சுழிப்பாள் என்று நான் சொன்னேன். அதை மறந்திருந்தேன் என்றாள். அந்தப் பதினொரு நாளையும் நான்கு மாதத்தையும் நாங்கள் சேர்ந்து நினைத்தது அன்றைக்குத்தான்.

மூன்று வாரம் போய், மேலும் நான்கு நாள் தள்ளியே அவள் கிடங்கைத் திறந்தாள். நீனா ஓடிவந்து அண்ணனை முகர்ந்து பார்த்தது. பிறகு அதன் காதைக் கடித்து இழுத்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டு, உப்பும் உமியுமாகக் கடற்கரைக்கு ஓடின. ஹயாத் பாஷா ஊட்டியிலும் பெங்களூரிலும் ஆள்விட்டு விசாரித்துப் பார்த்தார். மாப்பிள்ளை கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மிஷா கிடங்குக்குப் போகும், நாங்கள் வெளியே பாய் விரித்து உட்காருவோம், பேசுவோம். நீனா கடைசிவரை குட்டி போடவில்லை.