அண்ணனுக்கு ஒத்தூதிய கை

மைசோனெட் வீட்டுப் பிள்ளைக்குப் பாலுக்கு முன்னால் தாளத்தைப் புகட்டுவார்கள் என்று போன்சே நகரமே கேலி பேசும். அப்பா தோன் செவெரோ பாங்கோ மேளம் அடித்தவர், சித்தப்பாக்கள் டிராம்போன் ஊதியவர்கள். மூத்தவன் அனீபலுக்குக் குரல் வாய்த்தது. இளையவன் பெனிக்னோவுக்குக் கையும் காதும். தாளம் கேட்கிற காது அனீபலுக்கு மட்டும் வாய்க்கவில்லை, பெனிக்னோவின் தலையெழுத்து அங்கேதான் கெட்டது.

சல்சா இசைக்கு உயிர் கிளாவே. இரண்டு குச்சிகளைத் தட்டும் ஐந்து அடி: ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. பாடகன் பக்கம் மாறி நுழைந்தால் பாட்டு நொண்டும். எங்கள் ஊர் மீன்காரிக்குக்கூட அது குமட்டும். அனீபலோ பக்கம் மாறித்தான் நுழைவான். உடனே பெனிக்னோ கொங்கா மேளத்தில் அடியைத் திருப்பி, மொத்தக் குழுவையும் அண்ணன் விழுந்த பக்கத்துக்கே இழுத்துப்போவான். நியூயார்க் மேடையிலும் அப்படித்தான், இசைத்தட்டிலும் அப்படித்தான். பட்டம் என்னவோ அனீபலுக்கு, ‘கிளாவே ராஜா’வாம்! தூ!

மாதா திருவிழா அன்று மதிய ஒத்திகைக்குப் பெனிக்னோ வரத் தாமதமாகிவிட்டது. கொங்காவில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். பாட்டு நொண்டி நின்றது. பெனிக்னோ வந்தபோது அனீபல் வாய் நிறைய, எண்ணெயில் பொரித்த அல்காப்பூரியாவை மென்றுகொண்டிருந்தான்.

“உன் பொண்ணு பாட்டையே கெடுத்துட்டா, பெனி. மேடைக்கு வராதேன்னுட்டேன்.”

பெனிக்னோவின் மகள் யாரிட்ஸா அந்தக் குழுவில் பின்பாட்டுக்காரி.

“தப்பு அவளுதா, அண்ணே?”

“பின்னே என்னுதா? இத்தனை வருஷத்துல என் பாட்டு எங்கயாவது நொண்டியிருக்கா, சொல்லு!” என்றவன், எண்ணெய் வழிந்த விரல்களைத் தம்பியின் கொங்காத் தோலிலேயே துடைத்தான்.  பெனிக்னோ ஒரு துணியை எடுத்துத் தோலைத் துடைக்கத் தொடங்கினான்.

வாசலில் யாரிட்ஸா நின்றாள். “அப்பா, நான் சரியாத்தான் பாடினேன். கிளாவே தெரியாதவன்னு பேர் வந்துட்டா இந்த ஊர்ல எவன் என்னைக் கூப்பிடுவான்? நீங்களாவது சொல்லுங்க.”

சாயங்காலம் சதுக்கம் நிரம்பியது. முன்வரிசை நாற்காலியில் தோன் செவெரோ, பக்கத்தில் பேத்தி யாரிட்ஸா. கூட்டம் கிளாவேயைக் கைதட்டிக்கொடுக்க, அனீபல் நுழைந்தான், வழக்கம்போல மாறி. பழக்க தோஷத்தில் பெனிக்னோவின் கை அடியைத் திருப்பப் பார்த்தது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான். கூட்டத்தின் பக்கமே அடித்தான்.

பாட்டு கால் இடறி விழுந்தது. “பக்கம் மாறிடுச்சு!” என்று கூச்சல் எழுந்தது. அனீபல் தம்பியிடம் சீறினான்: “திருப்புடா! எப்பவும் போலத் திருப்பித் தொலையேண்டா!”

மைக் கையிலேயே இருந்ததை மறந்துவிட்டான். சதுக்கம் முழுக்கக் கேட்டது. கூட்டம் ஊளையிட்டது.

பெனிக்னோ இறங்கிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தான். மகளின் பேர் தப்பித்துவிட்டது, ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்கும் என்ற நப்பாசை. கிழவர் கையை இழுத்துக்கொண்டார்.

“அவனுக்குக் காது கிடையாதுன்னு பெத்தவனுக்குத் தெரியாதா? அவன்மேல எனக்கென்ன கோபம்? உனக்குக் கேட்டுச்சேடா. கேட்டுக்கிட்டே திருப்பித் திருப்பி அடிச்சே. மத்தியானம் பொண்ணு மேல பழி விழுந்தப்பகூட வாயைத் திறக்கலை. அவன் பாட்டை நான் சகிச்சுக்குவேன். உன் கையைப் பாத்தாத்தான் அருவருப்பா இருக்கு.”

யாரிட்ஸாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவளும் தன் அப்பாவைப் பார்க்காமலே தாத்தாவோடு நடந்தாள்.