பேத்தி உட்காரும் பக்கத்துக் கதவு

மகன் வாங்கிய பழைய வெள்ளைக் காரில், பேத்தி உட்காரும் பக்கத்துக் கதவில் ஒரு கீறல். டாலிகஞ்சில் கார் பாலிஷ் சாமான் விற்கும் கடைக்காரர் நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் மாட்டவில்லை, மேலோட்டமான கீறல்தான், சின்ன பாலிஷ் மெஷினும் தேய்க்கிற பசையில் நைசான காம்பவுண்டும் போதும் என்றார். மகனுக்கு அவசரம். வேகமாகச் சுற்றும் பெரிய மெஷினையும் கரகரப்பான காம்பவுண்டையும் வாங்கி வந்தான்.

“கீறல எடுக்கப் போறியா, கதவையே எடுக்கப் போறியா?”

“சும்மா இரும்மா.”

கொஞ்ச நேரத்தில் வெள்ளை போய், அடியில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க அது உள்ளங்கை அளவானது. கார் எங்கேயும் இடித்ததே இல்லை என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். நான் மற்ற கதவுகளைத் தட்டினேன், டங்கென்றன. இது மட்டும் சுவர் மாதிரி மொத்தென்றது.

“நசுங்கினத பட்டி பூசி மூடியிருக்கான்டா. இங்க யாரு உக்காந்திருந்தாங்களோ!”

எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிறவன், மெஷினை நிறுத்திவிட்டுத் தானும் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தான்.

பேத்தி பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்து அந்தக் கதவைத் திறந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான்.

“அம்மா, இவள மெட்ரோல கூட்டிட்டுப் போ.”

“ஏம்ப்பா?” என்றாள் அவள்.

நான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, மெட்ரோ பக்கம் நடந்தேன்.