ஓல்போர்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல்

இப்போது டேனிஷ்காரர்களுக்கு அமெரிக்க ஜனாதிபதியில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்று அவர் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கோப்பி நேரமெல்லாம் இதே கதைதான். ஒரு தனி மனிதனுக்கு இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது, தட்டிக்கேட்க அங்கே ஒருவரும் இல்லையா, கூட்டாளி நாட்டோடு இப்படியா கதைப்பது என்று மேசையைத் தட்டுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. நல்ல மனிதர்கள், பாவம், இப்போதுதான் முதல் தரம் ஏமாறுகிறார்கள். எனக்கு இந்தச் சந்தேகம் இலங்கையில் எங்கள் போர் முடிந்த வருடத்திலேயே முற்றிவிட்டது.

உண்மையைச் சொன்னால் நான் பிறவிச் சந்தேகக்காரி. மீன் வாங்கினால் செவுளை இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பேன். கடையில் மலிவு விற்பனை என்று போட்டிருந்தால் போன கிழமை என்ன விலைக்கு விற்றார்கள் என்று யோசிப்பேன். என் கணவர் நேர்மாறு. ரேடியோ சொன்னால் சரி, பேப்பரில் வந்தால் சரி, கோயிலில் பக்கத்தில் நின்றவர் சொன்னால் மிகவும் சரி. எங்கள் இருவரின் சாதகத்தையும் பார்த்துப் பொருத்தம் சொன்ன சாத்திரியாரை நான் இன்றைக்கும் நம்புவதில்லை.

அந்த வருடம், நாங்கள் குடியிருக்கும் டேனிஷ் ஊரான பிராண்டேயில் பனி கரையத் தொடங்கியபோது என் அண்ணாவும் அண்ணியும் அவர்களின் இரண்டு பெண் பிள்ளைகளும் வன்னியில் அகப்பட்டிருந்தார்கள். கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே ஒரு மணல் துண்டு. அது கிழமைக்குக் கிழமை சுருங்கிக்கொண்டு வந்தது. அங்கே யாரோ ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. வரிசையில் நின்றால் சில நிமிடம் கதைக்கலாம். அண்ணா எடுக்கும்போதெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான். களப்பைத் தாண்டி ஆமிப் பக்கம் போவதா, இருப்பதா? இருந்தால் ஷெல் விழும். போனால் முன்னால் ஆமி சுடலாம், பின்னால் எங்கள் இயக்கப் பெடியள் மறிக்கலாம். போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு, சேராதவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கான பதிலை அவர் பிராண்டேயில் இருந்த எங்களிடம் கேட்டார். எங்களிடம் தொலைக்காட்சி இருந்தது, இன்டர்நெட் இருந்தது, சுற்றிவர ஐரோப்பா இருந்தது. ஆகவே எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

அப்படியிருக்கும்போதுதான் கப்பல் கதை வந்தது. என் கணவர் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை முடித்து, ஜாக்கெட்டைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தார்.

"அமெரிக்கன் கப்பல் அனுப்பப்போறானாம். சனத்தை ஏத்தி எடுக்க."

"ஆர் சொன்னது?"

"ஓல்போர்க் அண்ணை."

ஓல்போர்க் அண்ணை என் கணவரோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர். இப்போது ஓல்போர்க் துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலை. துறைமுகத்தில் நிற்கிறவருக்குக் கப்பலைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்பது என் கணவரின் வாதம். "நானும் முதியோர் இல்லத்திலதான் வேலை செய்யிறன். ஆருக்கு எப்ப சாவு வருமெண்டு எனக்குத் தெரியுமே?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம். அவர் சும்மா சொல்லேல்லை. வன்னிக்குள்ள இருக்கிற சனமே சொல்லுதாம். அங்க ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கப்பல் வெளிக்கிடும்."

எங்கள் ஆட்களெல்லாம் விட்ட பிழை இதுதான். ஜனாதிபதி என்றால் எங்களுக்குத் தெரிந்தது கொழும்பில் இருக்கும் ஜனாதிபதி. அவர் நினைத்தால் சட்டம் மாறும், நினைத்தால் ஆள் மறையும், நினைத்தால் ஒரு ஊர் இருந்த இடம் தெரியாமல் போகும். இவ்வளவு சின்ன நாட்டு ஜனாதிபதிக்கே இவ்வளவு பலம் என்றால், அமெரிக்க ஜனாதிபதிக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டோம். நான் வேறு விதமாகப் பார்த்தேன். குண்டு போடுவதென்றால் அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. ஒரு கப்பலை அனுப்புவதென்றால் மட்டும் ஆயிரம் பேரைக் கேட்கவேண்டியிருக்கிறது. அதிகாரம் அவரிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்களுக்காக அதைச் செலவழிக்க மாட்டார் என்றுதான் சொன்னேன்.

அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு வந்து சில மாதம்தான். முகம் புதிது, குரல் இனிமை. உலகமே அவரைக் கொண்டாடியது. என் கணவர் அவருடைய படத்தைப் பேப்பரில் வெட்டியெடுத்துச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். "இவருக்கும் கற்பூரம் காட்டவோ?" என்று கேட்டேன். "காட்டினால் என்ன குறைஞ்சு போவீர்?" என்றார். முந்திய ஜனாதிபதி தொடங்கிவைத்த பயங்கரவாதத்துக்கு எதிரான போரின் பட்டியலை இவர் கிழித்து எறிந்ததாக எனக்குத் தெரியவில்லை. கொழும்பும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் ஷெல் அடித்தது. கடையின் பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசிவிட்டால் உள்ளே சாமான் மாறிவிடுமா?

எங்கள் மகள் அப்போது ஜிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். வாஷிங்டனிலிருந்து வருகிற அறிக்கைகளை இன்டர்நெட்டில் வாசித்துச் சொல்லும் வேலை அவளுடையது. ஆழ்ந்த கவலை, உன்னிப்பான அவதானம், சகல வழிகளும் பரிசீலனை. "பாத்தீரே, சகல வழியும் எண்டால் கப்பலும்தானே" என்பார் கணவர். மகள் திரையைப் பார்த்தபடி டேனிஷில் சொன்னாள், "அப்பா, இவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை." எனக்கு அந்தப் பாஷை பழக்கம். எங்கள் இல்லத்தில் ஒரு கிழவருக்கு நல்ல கட்டில் கேட்டால் கொம்யூன் என்கிற நகரசபையில் இருப்பவர்கள் 'வி கிகா போ தெ' என்பார்கள். பார்க்கிறோம் என்று அர்த்தம். அப்படிச் சொன்ன பிறகு கட்டில் வந்ததை நான் கண்டதில்லை.

இவ்வளவு கதைத்தவள், பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்கும் போனேன். போகாமல் எப்படி இருப்பது? ஸ்கீவ, ஹேர்னிங் என்று ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் போனது. அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் மழையில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். நானும் அந்த ஜனாதிபதியின் படத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து வந்த ஒருவர் எங்கள் மனுவை மரியாதையாக வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். திரும்பி வரும் வழி முழுக்க என் கணவர் அந்த மனிதரின் மரியாதையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நான் மனதுக்குள் நினைத்தேன். ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணாவின் அழைப்பு வந்தது. நான் ரொட்டிக்கு மாக் குழைத்த கையோடு ஓடிப்போய் எடுத்தேன். கணவர் என் தோளோடு தலையை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, பக்கத்துப் பங்கர்ச் சனம் நாளைக்கு விடிய வெளிக்கிடுது. எங்களையும் வரச்சொல்லிக் கேக்குதுகள். நானும் பையெல்லாம் கட்டிப்போட்டன். ஆனா கப்பல் வருதெண்டும் சொல்லினம். என்ன செய்ய?"

"ஆர் சொல்லினம்?"

"எல்லாரும்தான். அமெரிக்கன் வாறானாம்."

கணவர் என் தோளை உலுக்கினார். "கேட்டீரே? அங்கயே சொல்லினம்."

"அண்ணா, முதல்ல ஆர் சொன்னது? அதை விசாரிச்சனீங்களே?"

"வெளியில இருந்துதான் சொன்னவை. டென்மார்க்காம். துறைமுகத்தில வேலை செய்யிற ஆளாம். உங்களுக்குத் தெரியாதே?"

ஓல்போர்க்கில் கேட்டால் வன்னி சொன்னது என்கிறார்கள். வன்னியில் கேட்டால் ஓல்போர்க் சொன்னது என்கிறார்கள். நடுவில் அமெரிக்காவும் இல்லை, கப்பலும் இல்லை. அந்தக் கடலில் பெரிய கப்பலொன்று நிற்கக்கூடிய ஆழம் இருக்கிறது என்றுதான் ஓல்போர்க் அண்ணை முதலில் சொன்னாராம். அதைப் பிறகு விசாரித்து அறிந்தேன். மனிதர் பொய் சொல்லவில்லை. நிற்கலாம் என்றது தொலைபேசி மாறி மாறிப் போய் வரும் என்று ஆகி, எங்கள் வீட்டுக்கே சாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. கேட்கிறவன் கேணையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். நாங்கள் கேணையர்கள் இல்லை. வேறு போக்கிடம் இல்லாதவர்கள்.

"அண்ணா, கப்பல் இல்லை. அது நாங்கள் இஞ்ச கதைச்ச கதைதான் உங்கட காதுக்கு வந்திருக்கு. அந்தச் சனத்தோட வெளிக்கிடுங்கோ. நாளைக்கே போங்கோ."

கணவர் ரிசீவரைப் பறித்துவிட்டார். "மச்சான், இவ சொல்லுறதைக் கேக்காதேங்கோ. குமர்ப் பிள்ளையளோட தண்ணிக்குள்ள இறங்கிப்போட்டு, அங்கால என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? கொஞ்சம் பொறுங்கோ. அவங்கள் கட்டாயம் வருவாங்கள்."

அண்ணா ஏதோ சொல்லத் தொடங்கினார். லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுக்க எங்களிடம் இலக்கம் இல்லை. நான் அன்று கணவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் என் அண்ணாவுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பயந்தார். அது எனக்கு அப்போதும் தெரியும்.

சில நாட்களில் தொலைக்காட்சியில் காட்டினார்கள், கழுத்தளவு தண்ணீருக்குள்ளால் சனம் சனமாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அண்ணாவின் முகம் இல்லை. மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கடைசியாக எங்களைப் பற்றி வாய் திறந்தார். இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு புத்தி சொன்னார். என் கணவர் அழுதுவிட்டார், எங்கட பேரைச் சொல்லிப்போட்டார் என்று. ஜனாதிபதி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அதற்குச் சில நாட்களில் எல்லாம் முடிந்தது. கொழும்பில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள்.

கோடைகாலத்தில் அண்ணி, வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து தொலைபேசி எடுத்தார். கடைசிக் கிழமையில் ஷெல் விழுந்து அண்ணா போய்விட்டார் என்ற செய்தி எங்களுக்கு வேறு ஆட்கள் மூலம் முன்பே வந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் தன்னோடு இருக்கிறார்கள் என்றார். நான் கேட்கக்கூடாதென்று நினைத்துக்கொண்டே கேட்டேன், அன்றைக்கு ஏன் வெளிக்கிடவில்லை என்று.

"வெளிக்கிடத்தான் இருந்தது மச்சாள். அந்தச் சனம் முழுக்கப் போய்ச் சேர்ந்திட்டுது. இவர்தான் போனில கதைச்சிட்டு வந்து, கட்டின பையை அவிட்டு அரிசியை எடுத்துத் தந்து, கஞ்சி காய்ச்சச் சொன்னவர். மச்சான் பொறுக்கச் சொல்லுறார் எண்டவர். மச்சாள் என்ன சொன்னவ எண்டு கேட்டன். சிரிச்சவர். தங்கச்சிக்குச் சின்னனில இருந்தே எல்லாத்திலயும் சந்தேகம், அவவின்ர கதையைக் கேட்டு என்னெண்டு இறங்கிறது எண்டவர்."

அவர் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். வாழ்க்கையில் எல்லாவற்றையும் சந்தேகித்துச் சந்தேகித்து, ஒரு முறை உண்மையைச் சொன்னபோது என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துவைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது.

கணவர் வேலையால் வந்து குசினி வாசலில் நின்றார். தொலைபேசியையும் என் முகத்தையும் பார்த்து விஷயத்தை ஊகித்திருக்கவேண்டும். அந்த இரண்டு மாதத்தில் அவர் நன்றாக மெலிந்திருந்தார்.

"மச்சாளே எடுத்தவ?"

"ஓம்."

"அண்டைக்கு ஏன் போகேல்லையாம்?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாதையை மறிச்சுப்போட்டாங்களாம். அந்தச் சனத்தையும் திருப்பி விட்டிட்டாங்களாம். நினைச்சாலும் போயிருக்கேலாதாம்."

"அப்ப, நான் சொன்னதால இல்லையே?"

"இல்லையப்பா."

யாரிடம் கேட்டீர், எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார்.