ஆஸ்திரேலியாவின் வளர்பிறை

1996-ம் ஆண்டு, தீபாவளி விடுமுறை முடிந்து திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம். வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். கல்லூரியும் முடித்துவிட்டேன். அந்தப் பெருமையை மறைக்கத் தெரியாத வயது. ஒரு சின்ன பனியன் கம்பெனியில் துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவது என் வேலை.

அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். குழந்தைகள் இரவில் போட்டுக்கொள்ளும் உடைகளுக்கான ஆர்டர். அது கிடைக்காவிட்டால் புதிதாக வாங்கிப் போட்ட மெஷின்கள் சும்மா கிடக்கும் என்று முதலாளிக்குக் காலையிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை.

சாம்பிளை விரித்தோம். சட்டையின் நெஞ்சில் மஞ்சள் பிறை, அதன் வயிறு பார்ப்பவருக்கு வலப்பக்கம் புடைத்தபடி. அந்த அம்மாவுக்குத் துணி பிடித்திருந்தது. பிறையை மட்டும் இடப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். அதைத் தமிழில் சொன்னதும் முதலாளி முகம் இறுகி என் பக்கம் திரும்பினார்.

"அது தேய்பிறைங்க அம்மணி. பச்சக் குழந்தை நெஞ்சுல தேய்பிறையப் போடுவாங்களா? தோட்டத்துல ஒரு போர்வெல் போடறதுன்னாக்கூட நாம வளர்பிறை பாக்கறோம். ஆர்டர் போனாலும் போகுது, முடியாதுன்னு சொல்லிப்போடு கண்ணு."

எனக்கு அதை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. ஏன் திருப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர்கள் ஊரில் குழந்தைகள் தூங்கப் போகும் நேரத்தில் தெரியும் நிலா அப்படித்தான் இருக்குமாம். எங்கள் சாம்பிளில் இருப்பது அங்கே விடியற்காலையில்தான் தெரியுமாம்.

சாயங்காலம் தெரிகிற பிறை என்றால் அது வளர்பிறையாகத்தானே இருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் பார்த்த உலக உருண்டை நினைவுக்கு வந்தது. ஆஸ்திரேலியா இருக்கும் பூமியின் தென்பாதியில் நிற்பவர்களை நம் பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழாக நிற்பது போலிருக்கும். அப்படியானால் ஒரே பிறை அவர்களுக்குத் திரும்பித் தெரியும்!

முதலாளியிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர் சிரித்தே விட்டார்.

"காலேஜ் அம்மணி நிலாவையே திருப்பிப்போட்டுச்சுங்க!"

முகம் சூடாகிவிட்டது. நான் சொன்னது தப்பாக இருந்தால் ஆர்டரோடு என் படிப்பின் மானமும் போய்விடும். "வெளிய வாங்க, காட்டறனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பொழுது இறங்கியிருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பிறை, நன்றாகச் சாய்ந்திருந்தாலும் சாம்பிளைப் போலவே வலப்பக்கம் புடைத்தபடி. அதற்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்க்கும்படி இரண்டு மொழியிலும் சொன்னேன். நான் சேலையில் இருந்ததால் தப்பித்தேன். பேன்ட் போட்டிருந்த அந்த அம்மா தயங்காமல் குனிந்தார். குனிந்தவர், "இதுதான் எங்கள் நிலா!" என்று ஆங்கிலத்தில் கூவினார்.

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளை வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் குனிந்தார். கால்களுக்கு நடுவே பிறையை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்தபடியே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, அங்கயும் இது நாளுக்கு நாள் வளருமுங்களா?"

"வளருமுங்கய்யா. நம்ம பௌர்ணமிதான் அவங்களுக்கும்."

"அப்ப வளர்பிறைதான். திருப்பிப்போடுங்க மாஸ்டர்!"

நிமிர்ந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. மாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வளர்பிறைக் கணக்கை நான் விளக்கியதும், அந்த அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆர்டர் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவையும் நிலாவைப் பார்க்கக் குனிய வைத்தேன்.

இன்றும் யாராவது நான் சொல்வதற்கு நேர் எதிராகப் பேசினால், அவர் நிற்கும் இடத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று முதலில் பார்க்கிறேன். அதற்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.