ஐம்பது காசுத் தண்ணீர்

தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணி. ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. தகரக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஒன்றரை. காலையிலிருந்து அவளுக்கு ஏழு முறை வயிற்றால் போயிருந்தது. எண்ணியவன் நான்.

என் தாய்மாமா மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, தோட்டம் தோட்டமாகத் தைலமும் மாத்திரையும் விற்றவர். பேதியை உடனே நிறுத்தும் மாத்திரைதான் அவரிடம் அதிகம் போகும். அவரைப் போன்ற வியாபாரிகளைக் கூட்டி, குளுவாங்கில் ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதி, நான்கு சனிக்கிழமை வைத்தியப் பாடம் நடத்தியிருந்தார். அது முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்த மாமா, உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று தங்கையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கலக்கினார்.

"கொஞ்சம் கொஞ்சமா, விடாம குடுக்கணும்க்கா."

"அலமாக்! ஊருக்கெல்லாம் மாத்திரை, அக்கா புள்ளைக்குச் சீனித் தண்ணியா? நல்லாருக்குடா ஒன் படிப்பு!" என்றார் அம்மா.

"சின்னப் புள்ளைக்கு அந்த மாத்திரை ஆகாதுக்கா."

அம்மா இரண்டு கரண்டி கொடுத்தார். தங்கை கக்கினாள். குவளையை ஒதுக்கிவிட்டு, எதிர்வீட்டில் அந்த மாத்திரை மிச்சம் இருக்குமா என்று கேட்க அம்மா எழுந்தார்.

மாமா வாசலை மறித்தார். "அம்பது காசு எடு."

"எதுக்குடா?"

"மருந்துக்கு. சும்மா வாங்குன மருந்து பலிக்காதுன்னு நீதானே சொல்லுவே?"

காசு வைக்காமல் தைலத்தைக்கூடத் தொடாதவர் அம்மா. அப்பாவின் சம்பளத்துக்கு இன்னும் இரண்டு நாள். மத்தாப்புக்காக நான் சேர்த்து வைத்திருந்த பால்மாவு டின்னைக் கவிழ்த்து, ஐந்து பத்துக்காசுகளை எடுத்து நீட்டினார்.

அதன்பின் ஒரு சொட்டு சிந்தவிடவில்லை. தங்கை கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் கரண்டி. அவள் குடிக்க மறுத்தால் உடனே ஆஸ்பத்திரி என்று மாமா சாவியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று அவர் எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை. ஆறரை மணிக்குத் தங்கை எழுந்து அவருடைய ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னொரு போத்தல் கலக்குடா," என்றார் அம்மா. "அதுக்கும் அம்பது காசா?"

"இது ஓசிலா."

சீனி எங்களுடையது, உப்பும் தண்ணீரும் எங்களுடையவை, காசோ என்னுடையது. அந்தத் தீபாவளி முழுக்க மாமாவோடு நான் பேசவில்லை. அம்மாவின் கை ஓயாமலிருக்கத்தான் அவர் விலை வைத்தார் என்பது ஒன்பது வயதுக்கு எட்டவில்லை.

தங்கை இப்போது தெப்ராவில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் மூன்று. எனக்கு ஆன மொத்தச் செலவு: ஐம்பது காசு.