கயிற்றின் நீளம்

“பிள்ளையை ஓட விடுங்கோ, விழுந்தெழும்பினால்தான் கால் உரப்படும்” என்று மகனின் முன்பள்ளி ரீச்சர் சொல்லிக்கொண்டிருக்க, ஊஞ்சலில் கட்டியிருந்த புது நைலோன் கயிற்றின் மணம், மன்னார்க் கரையில் மீள்குடியேறிய எங்கள் தறப்பாள் கூரைக் கொட்டிலுக்கே என்னை இழுத்துப் போனது. முற்றத்துக்கு அப்பால் கண்ணிவெடி அகற்றாத நிலம். நடைபழகிய தங்கச்சியின் இடுப்பில் நைலோன் வலைக்கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கொட்டில் கம்பில் முடிந்துவிட்டு, “முடிச்சைப் பாத்துக்கொள்” என்று என்னிடம் சொல்லித்தான் அம்மா மீன் காயப்போடப் போவார். தங்கச்சி தத்தித்தத்தி ஓடி, கயிறு சுண்டியிழுக்க மணலில் விழுந்து, எழும்பித் திரும்புவாள்; நான் முடிச்சை இன்னும் இறுக்குவேன்.

வெடிகளை அகற்றி முடித்த அன்று அம்மா கயிற்றை அவிழ்த்து, “இனி ஓடு பிள்ளை” என்றார். ஓடினாள். கயிறு முடிகிற இடம் வந்ததும், இழுக்க ஒன்றுமில்லாமலே விழுந்தாள்.